விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 27 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். மனநலம் குறித்துப் பேச என்னிடம் பட்டம் எதுவும் இல்லை. மனச்சோர்வுக்கு ஆளான பிள்ளைகள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சமாளிப்பைப் பல முறை நானே கெடுத்தும் இருக்கிறேன். இந்த மடலை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையைப் போட நீங்கள் உட்காருவதற்கு முன் இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். செய்முறை வகுப்பு முடியும் நேரத்தில் மற்றவர்கள் மணி அடிக்குமுன்பே வாசலில் போய் நிற்பார்கள். அவன் மட்டும், "மிஸ், நான் கழுவி வச்சிட்டுப் போறேன்" என்பான். அளவு குறித்த நீண்ட கண்ணாடிக் குழலான பியூரெட்டில் முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு வாலைவடிநீர், அதன் பின் ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டுவது என்று ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் செய்வான். முக்கால் மணி நேரம் ஆகும். நான் மேசையில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது வாரம், எனக்கு முதுகைக் காட்டியபடி, குழாயை மூடாமலே, "மிஸ், காலையில முழிப்பு வந்ததும் எதுக்குடா முழிச்சோம்னு உங்களுக்கு இருக்குமா?" என்று கேட்டான். எதிரே உட்கார வைத்து, "உனக்கு என்னப்பா பிரச்சினை, சொல்லு" என்று நான் கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்ற பதில்தான் வந்திருக்கும். கைக்கு ஒரு வேலை, ஓடும் தண்ணீரின் சத்தம், பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு, அந்த ஒருவர் தன்னை உற்றுப் பார்க்கவில்லை என்ற நிம்மதி, இத்தனையும் கூடிவந்த பிறகே அந்த வயதில் அப்படியொரு கேள்வி வாய்க்கு வருகிறது. அந்த இடத்தை அவனுக்கு யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை, அவனாகத் தேடிக்கொண்டான்.

அடுத்த மாதம், தேர்வு நெருங்குகிறது என்று கடைசிப் பாடவேளைக்குப் பின் சிறப்பு வகுப்பு வைத்தோம். கழுவும் வேலை ஆய்வக உதவியாளரிடம் போயிற்று. அதோடு அந்தப் பையனின் இடமும் போயிற்று என்பது எனக்கு உறைக்க ஆறு வாரம் பிடித்தது. அதற்குள் அவன் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருக்கத் தொடங்கியிருந்தான்.

நாம் "மனஅழுத்தம்" என்ற ஒரே சொல்லைக் கொண்டு இரண்டு வேறு நிலைகளைக் குறித்துவருகிறோம். தேர்வு பயம் தேர்வோடு போய்விடும். மனச்சோர்வு தேர்வு முடிந்த பின்னும், விடுமுறையிலும், பிடித்த நடிகரின் படம் வந்த அன்றும் அப்படியே இருக்கும். பிள்ளைகளோ இந்த இரண்டு சொற்களையும் சொல்வதில்லை. "மூட் அவுட்", "கடுப்பா இருக்கு", "எதுவுமே பிடிக்கல" என்பதுதான் அவர்கள் மொழி. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவது சாதாரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த எரிச்சலுக்கு ஆசிரியர் அறையில் நாம் வைத்திருக்கும் பெயர் திமிர். இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் எரிச்சல் அல்லது வெறுமை, முன்பு ஆசையாகச் செய்ததில் ஆசையின்மை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி, படித்தது மண்டையில் ஏறாமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து வந்தால் அதைத் திமிர் என்று எழுதிவைக்க நமக்கு உரிமை இல்லை.

இது எங்கோ ஒரு பிள்ளைக்கு வருவது என்றும் நினைக்க வேண்டாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மூன்று நான்கு பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாடெங்கும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். மாநில வாரியாக மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது தமிழ்நாடு. அந்தச் சாவுகளுக்கெல்லாம் மனச்சோர்வு ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்களின் கல்விக்கூடங்களில் படித்தவர்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உதவிக்கு யாருமற்ற நிலையிலும் இந்தப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. ஒருத்தி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக் கிழிக்கிறாள். ஒருவன் கபடி ஆடிக் களைத்தால்தான் இரவு தூங்குகிறான். இன்னொருத்தி பக்கத்தில் உட்காரும் தோழியின் தோளில் மதிய இடைவேளை முழுவதும் தலைசாய்த்துக் கிடக்கிறாள். இருவரும் பேசிக்கொள்வதுகூட இல்லை. சிலர் வகுப்பையே சிரிக்க வைத்துத் தம்மை மறைத்துக்கொள்கிறார்கள். புகையிலைப் பொட்டலத்தை நாடுபவர்களும், தம் உடம்பையே காயப்படுத்திக்கொண்டு முழுக்கைச் சட்டையால் மூடிக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் கணக்கில் சமாளிப்புதான், ஆனால் உதவிக்கு இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. கெட்ட வழியைத் தடுப்பதில் நாம் காட்டும் வேகம் சரியே. நல்ல வழிகளை அட்டவணை போட்டு அடைக்கிறோம் என்பதே என் குறை.

விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். "பி.டி. பீரியடைக் கடன் கொடுங்க சார்" என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்பது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பது. நானும் கேட்டிருக்கிறேன், ஒவ்வோர் ஆண்டும், அக்டோபரிலிருந்து. கடன் என்றுதான் பெயர். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. உடலசைவு வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வைக் குறைக்க உதவுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையிலும், மனம் வரட்டும் என்று காத்திராமல் சிறு சிறு செயல்களை நாள்தோறும் செய்ய வைப்பது ஒரு முக்கியப் பகுதி. இதில் பெண்பிள்ளைகளைத் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும். பருவமடைந்த பின் ஆண்பிள்ளைகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பெண்பிள்ளைகள் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். அதே வயதில்தான் நம் வீடுகள் அவர்களைத் தெருவில் விளையாட வேண்டாம் என்று உள்ளே அழைத்துக்கொள்கின்றன. பையனுக்கு மாலையில் ஊர்த் திடல் இருக்கிறது. அவளுக்கு வாரம் முழுவதிலும் வாய் விட்டுக் கத்தி ஓடக் கிடைப்பது அந்த இரண்டு பாடவேளைகள். அவற்றில் நான் அயனிச் சமநிலைப் பாடம் நடத்தினேன்.

அடுத்தது தோழமை. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து, முதல் வரிசையினர் "ஏ" பிரிவுக்கும் மெல்லக் கற்போர் கடைசிப் பிரிவுக்கும் என்று ஆண்டின் நடுவில் வகுப்பைக் கலைத்து அடுக்குகிறோம். பாடம் நடத்த வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை புதிய நட்பைத் தேடிப் போகும் தெம்பில்லாதது. அதற்கு இருந்த ஒரே தோளையும் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு, "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நாமும் முத்திரை குத்திக் கொடுக்கிறோம்.

தூக்கத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். உடம்பின் கடிகாரமும் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போவதால் பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு என்றால் கிராமத்துப் பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கு எழ வேண்டும். உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் ஐந்து மணிக்கே படிப்பு தொடங்கிவிடுகிறது. தூக்கக் குறைவு மனச்சோர்வை வளர்க்கும், மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும். இந்தச் சுழலுக்குள் பிள்ளையைத் தள்ளிவிட்டு, முதல் பாடவேளையில் தூங்குகிறான் என்று வெளியே நிற்க வைக்கிறோம்.

கைப்பேசி பற்றிப் பெற்றோர் உறுப்பினர்கள் கேட்பீர்கள். நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்ப்பது கெடுதல்தான். இரவில் அதை வேறு அறையில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒரு பிள்ளையிடம் கோபத்தில் பிடுங்கும்போது, அதற்குள் இருக்கும் ஒரே நண்பனையும் சேர்த்துத்தான் பிடுங்குகிறோமா என்று ஒரு கணம் யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் நட்புக்கும் ஆட்டத்துக்கும் இடமில்லாமல் செய்துவிட்டு இரவின் கைப்பேசியை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அட்டவணையைத் திருத்தினால் பிள்ளைகளின் பாரம் குறையும் என்பதை நம் மாநிலம் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டாம், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் மேலே படிக்கலாம் என்ற ஏற்பாடும், 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியதும் அப்படி வந்தவைதான். அரசு தரவரிசையை நிறுத்தியது. நாம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்து அதைத் தொடர்கிறோம்.

இப்போது சட்டமும் பக்கத்தில் வந்துவிட்டது. 2025 ஜூலை 25-ஆம் நாள், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவரின் இறப்பு தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடத்தில் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும்; அதற்கும் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு பிரிப்பதையும் எல்லார் முன்னும் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது பயிற்சி தர வேண்டும். உங்கள் பள்ளியில் இவற்றில் எவை நடந்திருக்கின்றன என்று கேட்கும் பொறுப்பு, முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழுவுக்கு இருக்கிறது.

ஆலோசகரின் வேலையை வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ளலாமே என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். பீகாரின் நாளந்தா மாவட்டத்துப் பள்ளிகளில் நடந்து, 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளியின் சூழலை மாற்றும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற வெளியாளிடமும், சிலவற்றில் ஆசிரியரிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியாள் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவளிடம், அப்பாவின் கைப்பேசி எண்ணை வைத்திருக்கிறவளிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? திறந்த பிறகும் நாங்கள் அதைக் காப்பாற்றுவதில்லை.

இதற்கு என் கதையே சாட்சி. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஓயாத தலைவலி. நடிக்கிறாள் என்பது ஆசிரியர் அறையின் முடிவு. எனக்கும் அந்த எண்ணம்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று அவள் அம்மா சொன்னதும் எங்கள் எண்ணம் உறுதியாயிற்று. ஒருநாள் எங்கள் தூய்மைப் பணியாளர் அம்மா என்னை வராந்தாவில் நிறுத்தி, "டீச்சர், அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா டிபன் பாக்ஸை அப்படியே குப்பையில கொட்டுது. வீட்ல கழுவிக் குடுத்தா அம்மாவுக்குச் சந்தேகம் வராதுன்னு பைப்புல கழுவி எடுத்துட்டுப் போகுது" என்றார். பட்டதாரிகளான நாங்கள் பதினான்கு பேர் பார்க்காததை அவர் பார்த்திருந்தார். அன்று மாலை அந்த மாணவியிடம் பேசினேன்; எட்டு மாதமாக எப்படி இருக்கிறது என்று சொல்லி அழுதாள். நான் செய்த தவறு அதற்குப் பிறகு. நல்லெண்ணத்தோடு வகுப்பாசிரியையிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் தேநீர் இடைவேளைக்குள் அறை முழுவதும் தெரிந்துவிட்டது, ஒருவர் அவளிடமே போய், "இந்த வயசுல உனக்கென்னடி கவலை?" என்று கேட்டும்விட்டார். அதன் பின் அந்தப் பெண் என்னிடம் பாடத்தில் சந்தேகம்கூடக் கேட்கவில்லை. கடைசியில் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனது அவளுடைய அத்தை.

மருத்துவமனை என்றதும் பல வீடுகளில் தயக்கம் வருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டிலேயே முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும், அதைக் கேலி செய்து சண்டை போடுவதில் பயனில்லை. மருத்துவமனைக்கும் போக வேண்டும் என்பதில் மட்டும் நாம் உறுதியாக இருக்கலாம். லேசான நிலையில் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாக இருக்கக்கூடும். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரை கொடுப்பார். "மாத்திரை தூக்கம் தரும், தேர்வு முடியட்டும்" என்று வீட்டாரோ ஆசிரியரோ தாமாக நிறுத்தச் சொல்வது ஆபத்தானது. நிறுத்துவதையும் குறைப்பதையும் எழுதிக்கொடுத்தவரே முடிவு செய்ய வேண்டும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேரடியாகக் கேட்க நாம் அஞ்சுகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நினைக்கிறோம். அப்படி விதைவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று அமைதியாகக் கேட்பது, தோன்றுகிறது என்றால் தனியே விடாமல் கூடவே இருப்பது, அவளிடம் சொல்லிவிட்டே பெற்றோரை அழைப்பது, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது, இவ்வளவையும் பள்ளியின் காவலாளி முதல் தலைமையாசிரியர் வரை எல்லோரும் கற்றுக்கொள்ள முடியும். பிள்ளை ஏற்கெனவே ஒரு முறை முயன்றிருந்தால், "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மூடிமறைத்து, சத்தமில்லாமல் டி.சி. கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மனஉளைச்சலில் இருந்ததாகவே கருதி அவரைத் தண்டனைக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது. நண்பர்களும் தெரிந்த வகுப்பறையும் மிக வேண்டியிருக்கும் வாரத்தில் மாற்றுச் சான்றிதழை நீட்டுவதைவிடக் கொடுமையான ஒன்றை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

உதவி எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டு அரசின் 104, குழந்தைகளுக்கான 1098 ஆகியவற்றைப் பள்ளியில் எழுதி வைக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் கடைசியாகப் போன பள்ளியில் அந்த அறிவிப்பு, கண்ணாடி ஃபிரேம் போட்டு, தலைமையாசிரியர் அறையில் அவர் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருந்தது. மனம் வெறுத்துப்போன பிள்ளை அவர் எதிரே நின்று, தலையை உயர்த்தி, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் படிக்கக்கூடிய இடம் பள்ளியில் அது ஒன்றுதான்.

பியூரெட் கழுவிய அந்த மாணவன் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு தாமதமாகத் தேர்வெழுதித் தேறினான். அவனைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஜூன் மாதக் கூட்டத்தில் கட்டட நிதி, குடிநீர்த் தொட்டி எல்லாம் பேசி முடித்த பின், பெற்றோர் உறுப்பினர் ஒருவர் எழுந்து, சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு அட்டவணைப்படி எத்தனை விளையாட்டுப் பாடவேளைகள் இருந்தன, எத்தனை நடந்தன, மற்றவற்றை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று விளையாட்டு ஆசிரியரைக் கேட்க வேண்டும். அவர் முதலில் தயங்குவார். வற்புறுத்தினால் குறிப்பேட்டை எடுத்து வருவார். எங்கள் பள்ளியில் அப்படி யாரேனும் கேட்டிருந்தால், அந்தப் பட்டியலில் என் பெயர்தான் அதிக முறை இருந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தி